மூக்குல பொடி ஊதுற யானோமாமி மக்கள்: ஏன் இன்னொருத்தர் ஊதி விடணும்?

பரணிமைந்தன்:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு பத்தாவது படிக்கிறா, அமேசான் காடு பத்தி ஸ்கூல்ல ப்ராஜெக்ட், அதுக்கு படம் தேடிக்கிட்டு இருந்தப்ப ஒரு போட்டோ கண்ல பட்டுச்சு. ரெண்டு ஆம்பளைங்க எதிரெதிரா குந்தி உக்காந்திருக்காங்க, நடுவுல நீளமா ஒரு குழாய், ஒரு முனை ஒருத்தர் வாயில இன்னொரு முனை அடுத்தவர் மூக்குல, இவர் ஊதறார், அவர் முகம் வலியில சுருங்கிப் போய் கிடக்கு. கீழ கமெண்ட் பூரா "காட்டுக்குள்ள போதை பார்ட்டி"ன்னு ஒரே சிரிப்பு. பொண்ணு அதைப் படிச்சுட்டு என்கிட்ட ஒண்ணு கேட்டா: "போதைக்குன்னா அவங்கவங்களே போட்டுக்கலாமே, எதுக்குப்பா இன்னொருத்தர் ஊதி விடணும்?" எனக்கு பதில் தெரியல. கேட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கேன். தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

குமாரு_மதுரை:
அதிக தூரம் உள்ள போகணும்னா ஃபோர்ஸா ஊதணும், அவ்ளோதான்னு நினைக்கிறேன் சார்.

மூலிகைப்பெட்டி:
பரணி சார், நான் தாவரவியல் பாடம் எடுக்கிறவ, அதனால செடி பக்கத்துல இருந்து எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன். நீங்க சொல்ற படம் பெரும்பாலும் யானோமாமி மக்களோடதா இருக்கும், பிரேசில் வெனிசுவேலா எல்லையில இருக்கிறவங்க. பிரேசில் பக்கம் அந்தப் பொடிக்கு யாக்கோவானான்னு பேரு, வெனிசுவேலா பக்கம் எப்பெனான்னு சொல்வாங்க. பொடி வர்றது விரோலாங்கற மரத்துல இருந்து. இந்த மரம் யாரு தெரியுமா, நம்ம ஜாதிக்காயோட சொந்தக்காரன், ஒரே குடும்பம். ஜாதிக்காய்க் குடும்பத்து மரங்கள் நிறைய வெட்டினா ரத்தம் மாதிரி சிவப்பா பால் வடியும், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில சதுப்புல நிக்கிற காட்டு ஜாதி மரங்கள்லயும் பாக்கலாம். விரோலாவும் அப்படித்தான். பட்டையை உரிச்சு, உள்பட்டையில கசியுற அந்த சிவப்புப் பிசினை நெருப்புல காட்டி சேகரிச்சு, குறுக்கிக் காய வெச்சு, அப்புறம் இடிச்சுப் பொடியாக்குவாங்க. ஊருக்கு ஊர் செய்முறை மாறும். சில ஊர்ல வாசனை இலை ஒண்ணைக் காய வெச்சு சேப்பாங்க, அது ஆடாதோடை இனத்துச் செடி (ஆடாதோடை இல்ல, அதே பேரினத்துல வேற ஒண்ணு), கூடவே இன்னொரு மரத்துப் பட்டையோட சாம்பலும் சேரும்.

அந்த சாம்பல் எதுக்குன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்கறது ரொம்ப சுலபம். வெத்தல பாக்கு போடறப்ப சுண்ணாம்பு எதுக்கு தடவுறோம்? காரம் (உறைப்பு இல்ல, அமிலத்துக்கு எதிரானது) சேந்தாதான் பாக்குல இருக்கிற சரக்கு வாய்ச்சதையில நல்லா இறங்கும். சாம்பலும் காரம்தான், அது மூக்குச் சவ்வுல அதே வேலைய செய்யுதுன்னுதான் பொதுவா விளக்கம் சொல்றாங்க. வேதியியல் புத்தகம் இல்லாத காட்டுல இதைக் கண்டுபிடிச்சிருக்காங்க, அதை நினைச்சா எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

எதிர்க்கேள்வி:
அக்கா தகவலுக்கு நன்றி. ஆனா மூக்கு வழியா ஏன்? சாப்பிட்டா ஆகாதா?

மூலிகைப்பெட்டி:
நல்ல கேள்வி தம்பி. விரோலாவுல இருக்கிறது டிஎம்டின்னு மனசுல காட்சிகளைக் காட்டுற ஒரு ரசாயனம், அப்புறம் அதோட நெருங்கின உறவான 5-மீத்தாக்ஸி-டிஎம்டி. இதுல டிஎம்டிய அப்படியே முழுங்கினா வயித்துலயும் ஈரல்லயும் இருக்கிற ஒரு நொதி அதை உடைச்சுத் தள்ளிடும், மூளைக்கு ஒண்ணும் போய்ச் சேராது. மூக்கு வழியா போனா அந்த வாசல்ல மாட்டாம நேரா ரத்தத்துல கலந்துடும், சில நிமிஷத்துல வேலையைக் காட்டும். ஆனா இதுல ஒரு முடிச்சு இருக்கு. கொலம்பியா, பெரு பக்கம் இருக்கிற விட்டோட்டோ, போரா மக்கள் இதே விரோலா பிசினை உருண்டையா உருட்டி முழுங்குறாங்க, அவங்களுக்கும் வேலை செய்யுது! அது எப்படிங்கறதுக்கு ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்றாங்க. இன்னொண்ணும் சொல்லணும், யானோமாமி மக்கள்ல சில ஊர்க்காரங்க இதே பிசினை அம்பு நுனியில தடவி வேட்டைக்குப் போவாங்க. ஒரே மரம்தான், ஒரு பக்கம் வேட்டை, ஒரு பக்கம் வைத்தியம்.

இந்த விரோலா பொடியை தாவரவியல் உலகத்துக்கு ஒழுங்கா அடையாளம் காட்டினவர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டெஸ், 1954ல எழுதினார். ஸ்வீடன்காரர் ஹோல்ம்ஸ்டெட் பிற்பாடு ஒரு வைக்கா ஊர்ப் பொடியை ஆய்வு பண்ணப்போ அதுல 11% அளவுக்கு ஆல்கலாய்டு (டிஎம்டி மாதிரி செடியில இருக்கிற வீரியமான ரசாயனம்) இருந்துச்சு, ஒரு பொடிக்கு அது ரொம்ப ரொம்ப அதிகம். வைக்கான்னாலும் யானோமாமி கூட்டத்தைத்தான் அப்ப அப்படி எழுதினாங்க.

எதிர்க்கேள்வி:
சரி அக்கா, அப்ப என் கேள்விய நேராவே வைக்கிறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. டிஎம்டின்னா டிஎம்டிதான். சென்னையில ஒருத்தன் ரூமுக்குள்ள எடுத்தாலும் காட்டுல ஒருத்தர் எடுத்தாலும் மூளைக்குள்ள நடக்கிறது ஒண்ணுதானே. ஒண்ணை "போதை"ன்னும் இன்னொண்ணை "சடங்கு"ன்னும் சொல்றது நம்ம மனசுல காட்டுவாசிங்கன்னா புனிதமானவங்கன்னு ஒரு கற்பனை இருக்கிறதால. அவங்களும் மனுஷங்கதான். எனக்கு அந்தப் புனிதப்படுத்தறதுதான் உறுத்துது, கேலி பண்றது எவ்ளோ தப்போ அதுவும் அவ்ளோ தப்பு.

ரொரைமா_ராஜன்:
இந்த இழையைப் பாத்துட்டு சும்மா போக மனசு வரல. நான் பிரேசில்ல ரொரைமா மாநிலத்துல, போவா விஸ்டாங்கற ஊர்ல சில வருஷம் வேலை பாத்தவன். முதல்லயே சொல்லிடறேன், யானோமாமி நிலத்துக்குள்ள நான் போனதில்ல, போகவும் கூடாது, அரசாங்க அனுமதியும் அவங்க சம்மதமும் இல்லாம வெளியாள் நுழைய முடியாது, அது சரியும்கூட. ஆனா அந்த ஊர்ல இருந்தா அவங்களைப் பாக்காம இருக்க முடியாது, வைத்தியத்துக்குக் குடும்பத்தோட வந்து மாசக்கணக்குல தங்கியிருப்பாங்க, அவங்க தலைவர்கள் கூட்டத்துல பேசறதைக் கேட்டிருக்கேன், அவங்க சொன்னதையெல்லாம் தேடித்தேடிப் படிச்சேன். அதனால தம்பி எதிர்க்கேள்விக்கு என்னால முடிஞ்ச பதிலைச் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மூளைக்குள்ள நடக்கிறது ஒண்ணுதான்னு சொல்றீங்க. இருக்கலாம். ஆனா அவங்க "நான் பொடி எடுத்தேன்"னே சொல்ல மாட்டாங்க. டாவி கோப்பெனாவான்னு ஒரு பெரியவர், யானோமாமி ஷாமன் (ஆவிகளைக் கூப்பிட்டு வைத்தியம் பாக்கிறவர்), உலகம் முழுக்க அவங்க ஜனத்துக்காகப் பேசினவர், 2019ல ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்கும் அவரோட ஹுட்டுகாரா சங்கத்துக்கும் கிடைச்சுது. அவர் சொல்ற விதமே வேற. காட்டுல ஷபிரின்னு கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் இருக்கு, குட்டிகுட்டியா, ஒளித் தூசி மாதிரி மின்னிக்கிட்டு, இறகு அலங்காரத்தோட கண்ணாடி மாதிரி தரையில ஆடிக்கிட்டு வரும். யாக்கோவானா அந்த ஷபிரிகளோட சாப்பாடு. ஷாமன் மூலமா அதுங்கதான் குடிக்குது. அப்ப ஷாமன் யாரு? விருந்தாளிக்கு சோறு போடறவர். விருந்துக்கு அழைச்சா அதுங்க வரும், வந்தா வேலை செய்யும், நோயாளியோட உத்துப்பேன்னு சொல்ற உள்உருவத்தை எந்தத் தீய சக்தி தூக்கிட்டுப் போச்சோ அதுகிட்ட சண்டை போட்டு மீட்டு வரும். இதெல்லாம் பாட்டும் ஆட்டமுமா மணிக்கணக்கா நடக்கும், முன்னாடி போய் பின்னாடி வந்து, கைய விரிச்சு, குரலை மாத்தி மாத்தி. பக்கத்துலயே ஊஞ்சல் கட்டில்ல நோயாளி படுத்திருப்பார், பிள்ளைங்க விளையாடிக்கிட்டு இருக்கும், பெண்கள் கிழங்கு சீவிக்கிட்டு இருப்பாங்க. இது ஒருத்தரோட தனி அனுபவம் இல்ல தம்பி, ஊர் நடுவுல ஊருக்காக நடக்கிற வேலை.

அந்தப் பாட்டுங்க எங்கிருந்து வருதுன்னு சொல்வாங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பூமியோட ஓரத்துல பாட்டு மரங்கள் இருக்காம், உடம்பு பூரா உதடா இருக்குமாம், ஓயாம பாடிக்கிட்டே இருக்குமாம், ஒரு பாட்டு மாதிரி இன்னொண்ணு இருக்காதாம். ஷபிரிகள் அங்க போய்த்தான் பாட்டை வாங்கிட்டு வருதுங்க.

பரணிமைந்தன்:
ராஜன் சார், பொண்ணுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன், பாட்டு மரத்தை உடனே வரைய ஆரம்பிச்சுட்டா. ஆனா அவ கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. ஏன் இன்னொருத்தர் ஊதணும்?

ரொரைமா_ராஜன்:
வர்றேன் சார், அதுக்குத்தான் வர்றேன். ராத்திரி எழுதறேன்.

தொல்லியல்_பித்தன்:
அதுக்குள்ள நான் கொஞ்சம் புகுந்துக்கறேன். எதிர்க்கேள்வி தம்பிக்கு ஒரு தகவல். எல்லா மக்களும் ஒருத்தருக்கொருத்தர் ஊதறதில்ல. பழைய பொருள்களைப் பாத்தா நிறைய இடத்துல தானே இழுத்துக்கற வழக்கம்தான். சிலி நாட்டுல அட்டகாமா பாலைவனத்துல சான் பெட்ரோங்கற ஊரைச் சுத்தி கல்லறைகள்ல நூத்துக்கணக்குல பொடித் தட்டுகள் கிடைச்சிருக்கு, மரத்துல செதுக்கினது, உள்ளங்கையில பிடிக்கிற அளவு, கூடவே மூக்குக் குழாய், பொடி வைக்க தோல்பை, எல்லாம் சேர்த்து ஒரு செட். அந்தப் பாலைவன வறட்சியால மரமும் துணியும்கூட மக்கிப் போகாம இருக்கு. ஒரு கல்லறைப் பொடியை சோதிச்சதுல புஃபோடெனின்ங்கற ஆல்கலாய்டு இருந்துச்சு, அது அனாடெனாந்தெராங்கற மரத்து விதையில இருந்து வர்றது. இந்த மரம் விரோலா இல்ல, கருவேல மரம் மாதிரி சின்னச்சின்ன இலையும் தட்டைக் காயும் உள்ள வேற குடும்பம்.

பொலிவியாவுல லீபெஸ் மலைப்பகுதியில ஒரு குகையில கிடைச்ச தோல் மூட்டை பத்தி 2019ல ஆய்வு வந்துச்சு, சுமார் 1000 வருஷம் பழசு. உள்ள ரெண்டு பொடித் தட்டு, ஒரு குழாய், அப்புறம் மூணு நரி மூஞ்சித் தோலைச் சேர்த்துத் தைச்ச ஒரு சின்னப் பை. அந்தப் பையைச் சுரண்டிப் பாத்தா கோக்கா இலையோட தடயம், புஃபோடெனின், டிஎம்டி, ஹார்மின் எல்லாம் இருக்கு. இதெல்லாம் வர்ற செடிகள் எதுவும் அந்த உயரத்துல முளைக்காது! ஒருத்தர் மலைக்குக் கீழ காட்டுவரைக்கும் போய் வந்திருக்கணும் இல்லன்னா பல கை மாறி வந்திருக்கணும். நரித் தோலைத் தைச்சவரோட கை எப்படி இருந்திருக்கும்னு நான் பல நாள் யோசிச்சிருக்கேன்.

இன்னும் பழசு வேணும்னா பெருவுல ஷாவீன் கோயில். அங்க மூடிக் கிடந்த சின்ன அறைகள்ல கிடைச்ச எலும்புக் குழாய்கள்ல நிக்கோட்டின், டிஎம்டி தடயம் இருக்குன்னு 2025ல எழுதியிருக்காங்க, சுமார் 2500 வருஷத்துக்கு முந்தி. அந்த அறைக்குள்ள ஒரு சில பேர்தான் உக்கார முடியும். அப்ப அங்க இது ஊர்ப் பொதுவா நடக்கல, அதிகாரம் உள்ளவங்க மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு செஞ்சது. எதிர்க்கேள்வி தம்பி சொன்னதுல ஒரு உண்மை இருக்கு, எல்லா இடத்துலயும் இது சமத்துவமான புனிதச் சடங்குன்னு சொல்லிட முடியாது. ஒவ்வொரு மக்களையும் தனித்தனியாத்தான் பாக்கணும்.

எதிர்க்கேள்வி:
பித்தன் அண்ணே இதைத்தான் நான் எதிர்பாத்தேன். நன்றி.

கடலோடி_நாகை:
ஐரோப்பாக்காரன் முதல்ல எங்க பாத்தான் இதை?

தொல்லியல்_பித்தன்:
கரீபியன் தீவுகள்ல. கொலம்பஸ் ரெண்டாவது பயணம் 1493ல கிளம்பினப்ப கூட வந்தவர் ரமோன் பானேன்னு ஒரு துறவி. ஹிஸ்பானியோலா தீவுல, அதாவது இப்ப ஹைட்டியும் டொமினிகன் குடியரசும் இருக்கிற தீவு, அங்க டைனோ மக்களோட இருந்து அவங்க மொழியைக் கத்துக்கிட்டு அவங்க நம்பிக்கைகளை எழுதி வைன்னு கொலம்பஸ் சொன்னார். அமெரிக்காவுல ஒரு ஐரோப்பியர் ஒரு பழங்குடி மதத்தைப் பத்தி எழுதின முதல் குறிப்பு அதுதான். அதுல கோஹோபான்னு ஒரு பொடி வருது. மூக்கு வழியா இழுத்துட்டு, செமின்னு சொல்ற தெய்வ உருவத்து முன்னால உக்காந்து பேசுவாங்க. அதுக்கு முன்னாடி விரதம் இருந்து, மனாட்டிங்கற கடல்பசு எலும்புல செதுக்கின நீளமான கரண்டியைத் தொண்டைக்குள்ள விட்டு வாந்தி எடுத்து வயித்தைச் சுத்தம் பண்ணிக்குவாங்க. சில செமி சிலைகளுக்குத் தலைக்கு மேல ஒரு வட்டத் தட்டு இருக்கும், பொடியை அதுல வெச்சுத்தான் இழுக்கிறது.

பானே எழுதினதுல ஒரு இடம் மறக்க முடியாது. ஒருத்தர் காட்டுல நடந்து போறப்ப ஒரு மரம் வேரை அசைக்கிற மாதிரி தெரியுது. பயந்து நின்னு "நீ யாரு"ன்னு கேக்கறார். "பெஹிக்கேயைக் கூப்பிடு, அவர் சொல்வார்"னு மரம் பதில் சொல்லுது. பெஹிக்கேன்னா அவங்க பூசாரி வைத்தியர். அவர் வந்து மரத்தடியில உக்காந்து கோஹோபா எடுத்துட்டு எழுந்து நின்னு மரத்துக்கு மரியாதையா பட்டம் எல்லாம் சொல்லி, "யார் நீங்க, இங்க என்ன பண்றீங்க, என்கிட்ட என்ன வேணும், உங்களை வெட்டணுமா, என்கூட வர்றீங்களா, வந்தா எப்படி வெச்சுக்கணும், வீடு கட்டித் தரணுமா"ன்னு கேக்கறார். மரம் சொல்ற மாதிரி அதை வெட்டி உருவம் செதுக்கி வீடு கட்டி, வருஷத்துக்குப் பல தடவை கோஹோபா வெச்சுக் கும்பிடறாங்க. மரத்துகிட்ட அனுமதி கேட்டுட்டு வெட்டின ஜனம். அம்பது அறுபது வருஷத்துல நோயும் தங்கச் சுரங்க அடிமை வேலையும் அவங்கள்ல பெரும்பாலானவங்களை முடிச்சுடுச்சு. அப்புறம் ரொம்ப காலம் கோஹோபான்னா புகையிலைப் பொடின்னே நினைச்சாங்க. 1916ல சாஃபோர்டுங்கற தாவரவியல்காரர்தான் இது ஓரினோகோ ஆத்துப் பக்கம் பாத்த அதே அனாடெனாந்தெரா விதைன்னு சொன்னார்.

கடலோடி_நாகை:
எங்க தாத்தா பட்டணம் பொடி இல்லாம வாய் திறக்க மாட்டார். அதுவும் இந்த வழிதான் வந்துச்சா அப்ப?

மூலிகைப்பெட்டி:
புகையிலைச் செடி அங்கிருந்து வந்ததுதான், அதை மூக்குல போடற பழக்கத்தையும் ஐரோப்பாக்காரங்க அமெரிக்கப் பழங்குடிங்ககிட்டதான் முதல்ல பாத்தாங்க. ஆனா தாத்தா போட்டதுல புகையிலை மட்டும்தான், யாக்கோவானாவோட சேர்த்து நினைக்க வேணாம்.

ஓரினோகோ ஆத்தைப் பத்தி பித்தன் சொன்னதால ஒண்ணு சேக்கறேன். 1800ல ஹம்போல்ட்ங்கற ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அங்க உருவானாங்கற ஊர்ல ஓட்டோமாக் மக்கள் நியோப்போ பொடி (அதே அனாடெனாந்தெராவுல இருந்து வர்றது) செய்யறதைப் பாத்து எழுதியிருக்கார். காயை நறுக்கி ஈரமாக்கிப் புளிக்க வெச்சு, விதை கருத்து இளகினதும் மரவள்ளி மாவும் நத்தை ஓட்டுச் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைஞ்சு சுட்டு வெச்சுக்குவாங்க, வேணுங்கறப்ப இடிச்சு, பறவை எலும்புல கவட்டை மாதிரி செஞ்ச குழாய்ல ரெண்டு மூக்குலயும் இழுப்பாங்க. பாருங்க, இங்கயும் சுண்ணாம்பு! ஹம்போல்ட் என்ன நினைச்சார்னா வீரியமே அந்தச் சுண்ணாம்பாலதான்னு. அவ்ளோ பெரிய ஆளு, அதுல தவறிட்டார். 1854ல ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ்ங்கற இங்கிலாந்து தாவரவியல்காரர் ஓரினோகோ பக்கம் மைப்பூரெஸ்ங்கற ஊர்ல ஒரு குவாஹிபோ இனப் பெரியவர் நியோப்போ அரைக்கறதைப் பாத்தார், இதுகூட காப்பிக் கொடியையும் மென்னா பசிக்காது தாகம் எடுக்காது அசதி தெரியாதுன்னு அந்தப் பெரியவர் அவர்கிட்ட சொன்னாராம் (நாம குடிக்கிற காபி இல்ல, அது வேற கொடி). அந்த மொத்த சாமானையும் விலைக்கு வாங்கி லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பி வெச்சார். அவர் கொண்டு போன விதையை 120 வருஷத்துக்கு மேல கழிச்சு 1977ல சோதிச்சாங்க. புஃபோடெனின் அப்பவும் அதுல இருந்துச்சு.

செவிலி_லதா:
நான் நர்ஸ். எல்லாரும் நல்லா பேசிக்கிட்டு இருக்கீங்க, ஆனா இதைப் படிக்கிற சின்னப் பசங்களும் இருப்பாங்க, அதனால சொல்லாம இருக்க முடியல. இந்தப் பொருள்கள் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சடார்னு ஏத்தும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கறவங்க இந்த மாதிரி எதையாவது, முக்கியமா இதுகூட சேக்கிற கொடிச் சாறு வகைகளை எடுத்தா செரட்டோனின்ங்கற மூளை ரசாயனம் அளவு மீறி உயிருக்கே ஆபத்தாகும். குடும்பத்துல மனநோய் இருக்கிறவங்களுக்கு இன்னும் ஆபத்து. மயங்கின நிலையில வாந்தி எடுத்து மூச்சுக்குழாய்ல போய் அடைச்சா பக்கத்துல பாக்க ஆள் இல்லன்னா அவ்ளோதான். இந்தியாவுல டிஎம்டி போதைப்பொருள் சட்டத்துல வர்றது. தயவு செஞ்சு யாரும் ஆன்லைன்ல பொட்டலம் தேடாதீங்க.

இளந்தளிர்:
லதாக்கா, இப்ப இன்ஸ்டால "ராப்பே"ன்னு ஒண்ணு வருதே, ஆளாளுக்கு மூக்குல ஊதிக்கிட்டு அழுவறாங்க, அதுவும் இதுதானா?

மூலிகைப்பெட்டி:
இல்லம்மா. ராப்பே பிரேசில்ல ஆக்ரி மாநிலத்துல ஹுனி குயின், யவனவா மாதிரி மக்களோடது. அது வீரியமான நாட்டுப் புகையிலையும் மரச் சாம்பலும், அதுல டிஎம்டி கிடையாது. ஆனா நிக்கோட்டின் பயங்கரமா இருக்கும், அதனாலதான் கண்ணீரும் வாந்தியும். தனக்குத்தானே ஊதிக்க கூரிப்பேன்னு வளைஞ்ச சின்னக் குழாய், அடுத்தவருக்கு ஊத தேப்பின்னு நீளக் குழாய்.

எதிர்க்கேள்வி:
லதாக்கா சொன்னதைப் படிச்சப்ப ஒண்ணு தோணுச்சு. பக்கத்துல பாக்க ஆள் இல்லன்னா அவ்ளோதான்னு சொன்னீங்க. அப்ப காட்டுல அந்த ஊதறவரே பாத்துக்கிற ஆளுதானோ? நான் ஆரம்பத்துல மூளைக்குள்ள நடக்கிறது ஒண்ணுதானேன்னு எழுதினேன். மூளைக்கு வெளிய யார் இருக்காங்கங்கறதை நான் கணக்குலயே எடுத்துக்கல, அது தப்புதான்.

ரொரைமா_ராஜன்:
தம்பி நீங்க கிட்டத்தட்ட வந்துட்டீங்க. பரணி சார், பொண்ணை உக்கார வெச்சு வாசிச்சுக் காட்டுங்க, இது அவளுக்குத்தான்.

யானோமாமி ஊர்ல ஒரு பையன் ஷாமன் ஆகணும்னா பெரிய ஷாமன்கிட்ட போய்க் கேக்கணும். அவர் ஒத்துக்கிட்டா நாள்கணக்கா அவனுக்கு யாக்கோவானா ஊதுவார். அந்த நாள்ல அவன் சரியா சாப்பிட மாட்டான், தண்ணி குறைவு, உடம்பு வத்தி நிக்கக்கூட தெம்பில்லாம போயிடும், செத்துட்டேன்னு நினைக்கற அளவுக்குப் போயிடுவான். அவங்க பேச்சுலயே அது சாவுதான், பழைய ஆள் செத்து ஷபிரிகள் வந்து அவனைத் துண்டு துண்டாக்கி மறுபடி கோத்து வைக்கும்பாங்க. டாவி கோப்பெனாவாவுக்கு இப்படி ஊதினவர் அவர் மாமனார், அவரும் பெரிய ஷாமன். இங்கதான் உங்க பொண்ணோட கேள்விக்குப் பதில் இருக்கு. குழாய் வழியா போறது வெறும் பொடி இல்ல. ஊதறவரோட மூச்சும் சேர்ந்து போகுது. அவர் கிட்ட இருக்கிற ஷபிரிகளை அந்த மூச்சுல வெச்சுத்தான் இளையவனுக்குக் கொடுக்கறார். அவருக்கு அவரோட பெரியவர் ஊதினது, அவருக்கு இன்னொருத்தர். அதைத் தானே எடுத்துக்க முடியாது, கொடுக்க ஒருத்தர் வேணும். குமாரு சொன்ன மாதிரி வேகமும் வேணும்தான், ஆனா அவங்ககிட்ட கேட்டா வேகத்தைச் சொல்ல மாட்டாங்க, மூச்சைத்தான் சொல்வாங்க.

வெனிசுவேலா பக்கம் சில ஊர்கள்ல ஷாமன் இல்லாத ஆம்பளைங்களும் சாயங்காலம் எடுக்கறதுண்டு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். எல்லா யானோமாமி ஊரும் ஒரே மாதிரி இல்ல.

இப்ப அந்த கமெண்ட்ல சிரிச்சவங்களைப் பத்தி. எனக்குக் கோவம் வர்றது ஏன்னா அந்தப் போட்டோவுல இருக்கிறவங்க இப்ப எந்த நிலைமையில இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. டாவியோட அம்மா 1960கள்ல வெளியாட்கள் மூலமா வந்த தட்டம்மையில செத்துப் போனாங்க, அவர் அப்ப சின்னப் பையன். 1980கள் கடைசியில சுமார் 40,000 தங்கம் தோண்டறவங்க அவங்க காட்டுக்குள்ள புகுந்தாங்க, மலேரியாவும் துப்பாக்கியும் கூடவே போச்சு. ரொம்பப் போராடி 1992ல 96,000 சதுர கிலோமீட்டர் அவங்க நிலம்னு பிரேசில் அரசு எழுதிக் கொடுத்துச்சு, நம்ம தமிழ்நாட்டுல முக்கால்வாசி அளவு. அடுத்த வருஷமே ஹஷிமுங்கற ஊர்ல 16 பேரை, குழந்தைங்க உள்பட, சுரங்கக்காரங்க கொன்னாங்க. பிரேசில் நீதிமன்றம் அதை இனப்படுகொலைன்னே தீர்ப்பு சொல்லுச்சு. அப்புறமும் நிக்கல. 2023 ஜனவரியில அரசே அங்க சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்துச்சு, எலும்பும் தோலுமா குழந்தைங்க படம் நீங்களும் பாத்திருப்பீங்க. நான் நேர்ல பாத்தேன், அதை எழுதற தெம்பு எனக்கில்ல.

தங்கத்தை மண்ணுல இருந்து பிரிக்க பாதரசம் ஊத்துவாங்க, அப்புறம் அதைச் சூடு பண்ணிப் பாதரசத்தை ஆவியா ஓட்டுவாங்க. அது ஆத்துல இறங்கி மீனுக்குப் போய் மனுஷனுக்கு வருது. யானோமாமி மொழியில ஷவாரான்னு ஒரு சொல் இருக்கு, கொள்ளைநோய்ப் புகைன்னு சொல்லலாம். தங்கத்தைச் சுடறப்ப எழும்புற புகைதான் ஷவாரான்னு டாவி ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கார். பாதரசத்தைப் பத்தி டாக்டருங்க சொல்றதும் அவர் சொல்றதும் எவ்ளோ கிட்டக்கிட்ட இருக்குன்னு பாருங்க.

தொல்லியல்_பித்தன்:
டைனோ மக்களை முடிச்சதும் தங்கம்தான். 500 வருஷம் கழிச்சும் அதே சாமான்.

பரணிமைந்தன்:
படிச்சு முடிச்சுட்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவ கேட்டா, "ஷாமன் எல்லாம் செத்துப் போயிட்டா என்ன ஆகும்னு அவங்க சொல்வாங்க?"

ரொரைமா_ராஜன்:
அதுக்கும் அவங்ககிட்ட பதில் இருக்கு சார். ஆதி காலத்துல ஒரு தடவை வானம் இடிஞ்சு விழுந்துச்சாம். நாம இப்ப நடக்கிற இந்த நிலமே விழுந்து கிடக்கிற அந்தப் பழைய வானத்தோட முதுகுதானாம். அதுக்குத்தான் ஹுட்டுகாரான்னு பேரு, 2004ல ஆரம்பிச்ச சங்கத்துக்கும் அதைத்தான் வெச்சாங்க. இப்ப மேல இருக்கிற வானமும் ஆடுதாம், ஷாமன்களும் ஷபிரிகளும் சேர்ந்துதான் அதைத் தாங்கிப் பிடிச்சிருக்காங்களாம். கடைசி ஷாமன் செத்தா தாங்க ஆள் இல்லாம அது எல்லார் தலையிலயும் விழும், யானோமாமி தலையில மட்டும் இல்ல, நம்ம தலையிலயும்.

அதனாலதான் பெரியவங்க இன்னமும் இளைய பசங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு ஊதறாங்க.

எதிர்க்கேள்வி:
ராஜன் அண்ணே, அந்தக் குழாய் எதுல செய்யறாங்க?

ரொரைமா_ராஜன்:
பனைக் குடும்பத்துல ஒல்லியா ஒரு மரம் இருக்கு, அதோட தண்டைக் குடைஞ்சு செய்வாங்க. ஹொரோமான்னு பேரு.

பரணிமைந்தன்:
அவ படத்துல அதையும் வரைஞ்சிருக்கா. இந்தப் பக்கம் ஒரு பெரியவர், அந்தப் பக்கம் அவ வயசுல ஒரு பையன், நடுவுல குழாய், குழாய்க்குள்ள குட்டிகுட்டியா மின்னுற புள்ளிகள். நாளைக்கு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறா. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.